நத்தையும் நாமும்

சோளகம் ஓய்ந்து வாடை திரும்பும் காலத்தை எதிர்பார்த்தே தீவகத்து மக்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றனர். எமக்கு ஆறு இல்லை, பெருங்குளங்களும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களில் வானம் தருவதைக் கிணற்றிலும் மண்ணிலும் சேர்த்து வைத்தே எஞ்சிய காலத்தை ஓட்டுகின்றோம். ஆதலால் மழை எமக்கு விருந்தாளி. ஆனால் அவ்விருந்தாளியோடு அழையாத ஒருவரும் இப்பொழுது வந்து சேர்கின்றார். அவர் தம் வீட்டைத் தாமே முதுகில் சுமந்து வருவதால், தங்குவதற்கு எம்மிடம் இடம் கேட்பதில்லை. புறப்படும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆபிரிக்கப் பெருநத்தை என்பது அவர் பெயர்.

புளியங்கூடலில் எமது வளவு பெரியதன்று. நான்கு தென்னை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கையும் பப்பாசியும், நடுவே கத்தரி, மிளகாய், பயிற்றை, கீரை என்று சில பாத்திகள். கல்லூரியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது எமக்கு உடலுக்குப் பயிற்சி, மனத்துக்கு ஓய்வு. ஒரு மாரியில், மாலையில் நாம் நட்டுவிட்டுச் சென்ற கத்தரிக் கன்றுகள் மறுநாட் காலையில் இல்லை. ஆடு புகுந்ததற்கு அடையாளம் இல்லை. மாட்டின் குளம்பும் இல்லை. குருத்துகள் அரிந்தெடுக்கப்பட்டிருந்தன, மண்ணின் மேல் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போலக் கோடுகள் ஓடின. அக்கோடுகளைப் பின்தொடர்ந்து சென்றபோது வேலியடிச் சருகின் கீழே திருடர் கூட்டம் முழுவதும் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

இந்த நத்தையை அடையாளம் காண்பது கடினமன்று. கூம்பு வடிவான ஓடு. கபில நிறத்தின் மீது மங்கலான வரிகள். நன்றாக வளர்ந்தால் ஓடு ஓர் ஆளின் உள்ளங்கையை நிறைக்கும். 20 சென்ரிமீற்றர் வரையும் வளரக்கூடியது என்பர். பகலில் ஒளிந்திருந்து இரவில் மேயும். 500க்கும் மேற்பட்ட தாவர வகைகளை உண்ணும் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்த உயிர் ஆதலால் ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது. ஒரு முறையில் 200 முட்டை வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும், ஆண்டில் பல முறை இடும். மண்ணைச் சற்றுக் கிளறினால், மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் சிறு முத்துகளைப் போல அவை குவிந்து கிடப்பதைக் காணலாம். நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்ற பழமொழியை இதற்குச் சொன்னவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு பழமொழி சொல்லியிருப்பார்கள்.

இங்கே மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நத்தையெல்லாம் பகை என்று எண்ணிவிடலாகாது. இலங்கையில் ஏறத்தாழ 250 வகைத் தரை நத்தைகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவை இலைச் சருகையும் பூஞ்சணத்தையும் உண்டு மண்ணுக்கு உரமாக்கும் எளிய உயிர்கள். நாம் பேசுவது பிற நாட்டிலிருந்து கொணரப்பட்ட ஒன்றைப் பற்றி மட்டுமே.

கொணரப்பட்டது என்று சொன்னோம். ஆம், அது தானாக வரவில்லை. கிழக்கு ஆபிரிக்கக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட இந்த நத்தை, இந்து சமுத்திரத் தீவுகளில் மனிதரால் பரப்பப்பட்டது. 1847 ஆம் ஆண்டில், ஓட்டுயிர்களை ஆராய்வதில் பெருவிருப்புக் கொண்டிருந்த பென்சன் என்பவர் மொரீசியசுத் தீவிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுசென்று ஒரு தோட்டத்தில் விட்டார். 1900 ஆம் ஆண்டளவில் அது இலங்கையிலும் காலூன்றியது. பின்னர் களுத்துறைப் பகுதியில் பெருகியமையால் 'களுத்துறை நத்தை' என்ற பெயரும் அதற்கு வழங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானியப் படைகள் அதனை உணவுக்காகப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. நத்தையின் நடை மெதுவானது என்று நாம் நகைக்கின்றோம். ஆனால் மனிதனின் கப்பலிலும் லொறியிலும் ஏறிக்கொண்ட பின்னர் அதன் வேகம் மனிதனின் வேகமேயாகும்.

எமது குடாநாட்டுக்கும் அது அவ்வாறே வந்தது என்று கொள்ளுதல் வேண்டும். மண், எரு, வாழைக் குட்டி, பூச்சட்டிக் கன்று ஆகியவற்றோடு முட்டைகள் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. வந்த இடத்தில் அதற்கு வேண்டியவை அனைத்தும் உள்ளன. ஓடு வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எமது நிலமோ சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. ஈரம் வேண்டும், மாரி தருகின்றது. கோடையில் மாய்ந்துவிடும் என்று நம்புதற்கும் இடமில்லை. ஓட்டின் வாயை மெல்லிய மூடியொன்றால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கி, முதல் மழையின் ஈரம் பட்டதும் விழித்தெழுவது அதன் இயல்பு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒளிந்து வாழ ஆளில்லாத இடம் வேண்டும். அதனையும் நாமே அளித்துள்ளோம்.

1990 ஆம் ஆண்டில் போர் தீவகத்தை வந்தடைந்தபோது எமது ஊர்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளின் பின் திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அவர்கள் வாழ்கின்றனர். வளவுகள் மட்டும் இங்கேயே உள்ளன. கூரை இழந்த சுவர்கள், தூர்ந்த கிணறுகள், ஆளுயரத்துக்குப் பற்றை. எமது மேற்கு வேலிக்கு அப்பாலும் அத்தகையதொரு வளவு இருந்தது. எமது பாத்திகளில் நாம் இரவு முழுவதும் பொறுக்கினாலும் மறுநாள் அதே தொகை வந்து நிற்பதன் காரணம் அந்த வேலியோரத்தில் நின்று பார்த்தபோது விளங்கிற்று. ஊற்று அங்கே இருக்க, நாம் இங்கே நீரை இறைத்துக் கொண்டிருந்தோம்.

அதற்கு வருமுன், நத்தையைத் தடுக்க மக்கள் கையாளும் முறைகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். முதலில் உப்பு. உப்பைத் தூவினால் நத்தை சாகும் என்பது உண்மையே. அதன் உடலிலுள்ள நீரை உப்பு உறிஞ்சிவிடும். ஆனால் நத்தை செத்த இடத்தில் மண்ணும் சாகும். நல்ல தண்ணீர் அரிதாகி, கிணறுகள் பல உவர்த்துப்போகும் தீவிலே, எம் கையாலேயே பாத்திக்கு உப்பிடுவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாலில் நஞ்சு கலப்பதனை ஒக்கும்.

அடுத்தது சாம்பலும் சுண்ணாம்புத் தூளும். உலர்ந்திருக்கும் வரையில் கன்றைச் சுற்றி இடும் சாம்பல் வளையம் ஓரளவு பயன் தரும். நத்தையின் ஈர உடலில் ஒட்டி அதன் நடையைத் தடுக்கும். ஆனால் நத்தை வருவது மழைநாளில். சாம்பல் கரைவதும் அந்நாளிலேயே.

மூன்றாவது நஞ்சுக் குளிசைகள். முகாம்களில் அடுப்பெரிக்கப் பயன்பட்ட மெற்றல்டிகைட்டு என்னும் எரிபொருளை உண்ட நத்தைகள் மடிந்ததை 1930களில் ஐரோப்பாவிற் கண்டனர்; அன்றிலிருந்து அதுவே நத்தைகளுக்கு நஞ்சாயிற்று. ஆயினும் நத்தைக்கு வைத்ததை நாயும் தின்னும், கோழியும் கொத்தும். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நேரும் தீங்கு கருதிப் பிரித்தானியாவில் 2022 ஆம் ஆண்டில் அதன் வெளிப்புறப் பாவனை தடை செய்யப்பட்டது. இரும்புப் பொசுபேற்றுக் குளிசைகள் அதனினும் தீங்கு குறைந்தவை. எமது நிலத்தின் இயல்பையும் இங்கே கருத வேண்டும். சுண்ணாம்புக் கல் வெடிப்புகளின் வழியே மேலே இடுவது விரைவில் கீழே இறங்கும். இன்று பாத்தியில் இட்ட நஞ்சை நாளை எவர் வீட்டுக் கிணற்றில் அள்ளுவோம் என்று எவராலும் சொல்ல முடியாது.

கேரளத்திலும் இந்த நத்தை பல மாவட்டங்களில் பெருகித் தொல்லை தருகின்றது. அங்கே பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் பரப்பிய முறைகளுள் ஒன்று புகையிலைக் கியாழம். 25 கிராம் புகையிலையை ஒன்றரை லீற்றர் நீரிலிட்டு ஒரு லீற்றராக வற்றக் காய்ச்சி வடித்து, 60 கிராம் மயில்துத்தத்தை வேறொரு லீற்றர் நீரிற் கரைத்து, இரண்டையும் கலந்து நத்தைகளின் மீது தெளிப்பார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்று எமது தோட்டக்காரருக்குப் பொருள் ஈட்டித் தந்தது. இன்று அம்மலையாள நாட்டிலிருந்து புகையிலைக் கியாழத்தின் செய்முறை எமக்குத் திரும்பி வந்திருப்பதை எண்ணி வியந்தோம். ஆயினும் மயில்துத்தம் மண்ணிலே தங்கும், மீனுக்கும் ஆகாது. ஆதலால் கிணற்றடியிலும் பாத்தியிலும் இதனைத் தெளித்தலாகாது. தொகையாகப் பிடித்தவற்றை ஒரு புறத்தே ஒதுக்கி வைத்துத் தெளிப்பதற்கே இது ஏற்றது.

இயற்கைப் பகையை ஏவினால் என்ன என்று மாணவர் ஒருவர் வகுப்பிற் கேட்டார். நல்ல கேள்வி. செண்பகம் இந்த நத்தையைத் தின்னும். மின்மினி வகையொன்றின் புழு நத்தையைக் கொன்று உண்பதை இலங்கை விவசாயத் திணைக்களத்தார் 1924 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினர். இவை இங்கேயே உள்ளவை. இவற்றை வாழவிடுவது எம் கடன். ஆனால் அயல்நாட்டிலிருந்து புதியதொரு பகையைக் கொணர்வது வேறு. 1955 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்கு நத்தை தின்னும் நத்தையொன்றைக் கொண்டுவந்தனர்; 1970களில் தாகித்தி, மூரியா ஆகிய தீவுகளுக்கும் அது சென்றது. பெருநத்தையைத் தேடி உண்பதினும், அத்தீவுகளுக்கே உரிய சிறு நத்தைகளை உண்பது அதற்கு எளிதாயிருந்தது. சில ஆண்டுகளில் அவ்வினங்கள் பல அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலண்டன் முதலிய இடங்களின் மிருகக்காட்சிச் சாலைகளில் வளர்க்க நேர்ந்தது. திருடனைப் பிடிக்க வந்த காவற்காரன் வீட்டுப் பிள்ளைகளை விழுங்கிய கதை இது.

எல்லாவற்றையும் ஆராய்ந்தபின் நாம் கைக்கொண்ட வழி மிகப் பழையது: கையாற் பொறுக்குதல். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தின் பின், ரோச் விளக்கும் வாளியும் கையுறையுமாகப் புறப்படுவோம். கையுறை இல்லையெனில் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். மாலையிலேயே நனைத்த சாக்கை விரித்து, அதன் கீழே பப்பாசி இலையோ கோவா இலையோ வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். தேடி அலைய வேண்டியதில்லை. பாத்திக்கு மாலையில் நீர் விடுவதை நிறுத்திக் காலையில் விடத் தொடங்கினோம். இரவில் மண் உலர்ந்திருந்தால் நத்தைக்கு நடை கடினம். வேலியடிச் சருகு, கல்லுக் குவியல், பழைய கிடுகு ஆகியவற்றை அகற்றினோம். வெளியிலிருந்து வரும் எருவையும் கன்றையும் கிளறிப் பாராமல் உள்ளே எடுப்பதில்லை.

இனி, பொறுக்கியதை என்ன செய்வது? இங்கேதான் எமது உள்ளம் தடுமாறிற்று. கொல்லாமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த குடும்பம் எம்முடையது. கிழக்கு வேலிக்கு அப்பால் வாழும் ஆச்சிக்கு வயது எழுபதுக்கு மேல். தனியே இருந்து கீரையும் கத்தரியும் பயிரிட்டு விற்று வாழ்கின்றார். அந்த மாரியில் அவருடைய நாற்றுமேடை முழுவதும் இரண்டு இரவுகளிற் போயிற்று. மருந்துக்கும் சீனிக்கும் தேயிலைக்கும் அவர் நம்பியிருந்தது அந்த மேடையைத்தான். ஆயினும் நாம் வாளியோடு சென்றபோது அவர் மறித்தார்.

"தம்பி, உது வாயில்லாச் சீவன். அதுக்கும் வயிறு இருக்குத்தானே?"

இந்தக் கேள்விக்கு நூலறிவிலிருந்து விடை சொல்ல எம்மால் இயலவில்லை. உழும்போதும் கொத்தும்போதும் உயிர்கள் மாய்கின்றன என்பதை அவரும் அறிவார். ஆயினும் அறியாது நேர்வது வேறு, அறிந்து செய்வது வேறு என்பது அவர் வாதம். அது பொய்யன்று. நாம் சொன்னது இவ்வளவே: "ஆச்சி, இந்தச் சீவன் தானாக இங்கே வரவில்லை. மனிதர் கொண்டுவந்து விட்டார்கள். மனிதர் செய்த பிழையை மனிதர்தாம் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் உங்கள் கீரை மட்டுமன்றி, இந்த மண்ணுக்குரிய சிறு சீவன்களுக்கும் இரை இல்லாமற் போகும்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒரு பழைய வாளியை எடுத்துவந்து, தாம் பொறுக்கித் தருவதாகவும் அதன் பின் நடப்பதைத் தாம் பார்க்கப்போவதில்லை என்றும் கூறினார். "பாவம் உமக்கு, கத்தரிக்காய் எனக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பங்கீட்டை நாம் ஏற்றுக்கொண்டோம். செய்ய வேண்டியதாயின் விரைவாகச் செய்வதே அருளுக்கு அணித்தானது என்று கருதி, உப்பிலிட்டுத் துடிக்கவிடாமல் கொதிநீரை ஒரே முறையில் ஊற்றி முடிக்கின்றோம். பின்னர் கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமான குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டு மூடுகின்றோம். ஓடுகளை உடைத்தே புதைக்க வேண்டும். முழு ஓட்டை வெளியே எறிந்தால் அதில் மழைநீர் தங்கும்; டெங்கு நுளம்பு பெருகுவதற்கு அவ்வளவு நீரே போதும். இவற்றைச் செய்யும்போது எமது மனம் மகிழ்வதில்லை. மகிழாதிருப்பதே முறை என்றும் எண்ணுகின்றோம்.

மேற்கு வளவின் உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கின்றார். தொலைபேசியில் அவரை அழைத்து, பற்றையை வெட்ட அனுமதி கேட்டோம். நத்தை என்றதும் முதலில் நகைத்தார். பின்னர், "கிணற்றடிப் பூவரசு இன்னும் நிற்கின்றதா, மாஸ்ரர்?" என்று கேட்டார். நிற்கின்றது என்றோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. அந்த வளவை விற்க அவருக்கு மனமில்லை. வந்து வாழவும் வழியில்லை. இத்தகையோரை ஊரிலுள்ளோர் குறைகூறுவதுண்டு. அந்த மௌனத்தைக் கேட்டபின் எமக்குக் குறைகூற நா எழவில்லை. மறுவாரமே கூலிக்குப் பணம் அனுப்பினார். பூவரசை மட்டும் வெட்ட வேண்டாம் என்றார்.

ஒழுங்கையிலுள்ள இளைஞர்கள் கூடி இரண்டு நாட்களிற் பற்றையை வெட்டினார்கள். உள்ளே கூரையற்ற வீட்டின் சுவரைக் கண்டபோது எல்லோரும் வேலையை நிறுத்தி நின்றோம். சுண்ணாம்புச் சாந்து பூசிய அச்சுவரின் நிழற்பக்கம் முழுவதும் நத்தைகள் ஒட்டியிருந்தன. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காகச் சாந்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. ஒரு குடும்பம் பாடுபட்டுக் கட்டிய வீட்டைப் போர் பாதி தின்றது. எஞ்சியதை நத்தை தின்கின்றது. இக்காட்சியை ரொறன்ரோவுக்குச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வளவு துப்புரவாயிற்று என்று மட்டும் சொன்னோம்.

முதல் இரவில் மூன்று வாளி நிறைந்தது. கார்த்திகை முடிவில் அரை வாளி. தைப்பொங்கலுக்கு முன்னர் ஒரு சிரட்டை அளவாகக் குறைந்தது. முற்றாக ஒழியவில்லை, அடுத்த மழைக்கும் வாளி வேண்டும். ஆயினும் ஆச்சியின் இரண்டாம் நாற்றுமேடை பிழைத்தது. பங்கீட்டின்படி கத்தரிக்காயில் எமக்கு உரிமை இல்லாதபோதும், முதற் பறிப்பில் ஒரு பை எம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. எலியின் நுரையீரலில் வாழும் புழுவொன்றின் இளம் பருவம் நத்தையின் உடலில் வளர்வதுண்டு. 1935 ஆம் ஆண்டில் சீனாவின் கன்ரன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்ட அப்புழு, மனிதருள் புகுந்தால் மூளையைச் சூழ்ந்த சவ்வை அழற்சியுறச் செய்யும். ஆகவே பிள்ளைகள் நத்தையை வெறுங்கையால் எடுத்து விளையாடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்தால் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவிக்க வேண்டும். பச்சையாக உண்ணும் வல்லாரை முதலிய இலைகளை ஒவ்வோர் இலையாகப் பலமுறை நல்ல நீரிற் கழுவுதல் வேண்டும்.

இத்தனை பெரிய தொல்லையைக் கையாற் பொறுக்கித் தீர்க்கலாகுமோ என்று ஐயுறுவோர் ஒரு செய்தியைக் கேட்பாராக. 1966 ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து மியாமி நகருக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன் மூன்று நத்தைகளை விளையாட்டாகக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டியார் அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் அங்கே காணப்பட்டன. அவற்றை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 1975 ஆம் ஆண்டு வரை சென்றது. 2011 ஆம் ஆண்டில் மீண்டும் அந்நகரில் தலைகாட்டியபோது, மோப்ப நாய்களையும் பயன்படுத்திப் பத்து ஆண்டுகள் தேடி 1,60,000க்கும் மேற்பட்டவற்றைச் சேகரித்து, 2021 ஆம் ஆண்டில் மறுமுறையும் வென்றனர். அடுத்த ஆண்டே அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில் அது காணப்பட்டது. செல்வம் மிக்க நாட்டிலும் இதற்குக் குறுக்குவழி இல்லை. வளவு வளவாகப் பார்ப்பதே வழி.

வளவு வளவாக என்னும்போது வேலி ஒரு பொருட்டன்று. நத்தைக்கு உறுதி தெரியாது. எல்லைக் கல் தெரியாது. தன் பாத்தியைத் தான் காத்தாற் போதும் என்று இருப்பவன், அயல் வளவிலிருந்து வருவதைத் தன் ஆயுள் முழுவதும் பொறுக்கிக்கொண்டே இருப்பான். ஒழுங்கையிலுள்ள ஐந்து குடும்பங்கள் ஒரே இரவில் வாளியெடுத்தால், ஐந்து குடும்பங்கள் ஐந்து மாதம் தனித்தனியே செய்வதைக் காட்டிலும் பயன் மிகுதி. கடல் கடந்து வாழும் உடன்பிறப்புகளும், தம் வளவை ஆண்டுக்கொரு முறையேனும் துப்புரவாக்க ஒருவரைப் பொறுப்பாக்குவாராயின், ஊரிலிருப்போருக்கு அது பெரும் உதவியாகும். வரும் ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்றிரவே எமது ஒழுங்கையிலே ஐந்து விளக்குகள் புறப்படும். ஆச்சி தம் வாளியை இப்பொழுதே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கின்றார்.